நான்கரை அங்குல வட்டம்

காரின் சக்கரத்தை ஹப்போடு சேர்த்துப் பிடிப்பவை எத்தனை போல்ட்டுகள், அவற்றின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் ஆகிய இரண்டும் சேர்ந்ததே போல்ட் அமைப்பு. அலாய் வீல் கடைக்காரர் பி.சி.டி. எவ்வளவு என்று கேட்பது இதைத்தான். இந்தியச் சாலைகளில் ஓடும் மாருதி ஸ்விஃப்டுக்கு 4×100, டொயோட்டா இன்னோவாவுக்கு 5×114.3, ஸ்கோடா ஆக்டேவியாவுக்கு 5×112, மாருதி ஜிப்சிக்கு 5×139.7. நூறும் நூற்றுப் பன்னிரண்டும் ஒரு பொறியாளர் வரைபடத்தில் எழுதக்கூடிய எண்கள். 114.3, 139.7 என்பவற்றை மில்லிமீட்டரில் சிந்திக்கும் எவரும் தேடிப்போய் எடுத்திருக்க மாட்டார்கள். சக்கரத்தின் மேல் விழும் பாரத்தைக் கணக்கிட்டதால் மட்டும் வந்தவை அல்ல இந்த எண்கள். எந்த நாட்டுத் தொழிற்சாலையில் எந்த அளவுகோல் இருந்தது, அந்தக் காலத்தில் பிரேக் எப்படி இருந்தது என்பவையும் சேர்ந்து முடிவுசெய்தவை.

தொடக்க காலக் கார்களில் இப்படியொரு அளவுக்குத் தேவையே இருக்கவில்லை. அப்போதைய சக்கரங்கள் பீரங்கி வண்டிச் சக்கரத்தின் வழியில் வந்தவை. மர ஆரங்களின் அடிப்பகுதியை ஆப்பு வடிவில் சீவி, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி, இருபுறமும் இரும்புத் தட்டு வைத்து, ஊடுருவிப் போகும் போல்ட்டுகளால் இறுக்குவது அதன் கட்டுமானம். 1830-களில் லண்டனில் நீராவிப் பேருந்துகள் ஓட்டிய வால்டர் ஹான்காக் இத்தகைய சக்கரங்களைப் பயன்படுத்தினார். போல்ட்டுகள் வட்டமாக அமைந்திருந்தாலும் அவற்றின் வேலை ஆரங்களைப் பிடிப்பதுதான், சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதல்ல. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி-யின் மரச் சக்கரமும் அச்சோடு நின்றது. பஞ்சரானால் ஓட்டுநர் சாலையோரத்தில் உட்கார்ந்து, டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். ஆணிகளும் குதிரை லாட ஆணிகளும் இறைந்து கிடந்த அன்றைய சாலைகளில் இது அபூர்வமாக நேர்வதல்ல.

இந்தத் தொல்லைக்கு வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் 1904-ல் தாமஸ் மோரிஸ் டேவிஸ் ஒரு வழி கண்டார். ஆரமே இல்லாத ஒரு ரிம், அதன் மேல் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கவாட்டில் இந்த வளையத்தைக் கவ்விகளால் பூட்டி வண்டியை ஓட்டிப் போய்விடலாம். கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரையே சரக்குக்கும் வைத்தார்கள். அந்த வளையம் வழக்கொழிந்து பல தலைமுறைகள் ஆகின்றன. தமிழ்நாட்டு டிரைவர்கள் மாற்றுச் சக்கரத்தை இன்றும் ஸ்டெப்னி என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்த வழி சக்கரத்தையே கழற்றுவது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் கம்பிச் சக்கரத்தை ஒரே நடு நட்டால் பூட்டும் முறையைக் கொண்டுவந்தது. நட்டின் காதுகளைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும். பந்தயத்தில் இது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. 1908 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் இந்தச் சக்கரங்களுக்கு அனுமதி மறுக்கப்பட, நேப்பியர் அணி போட்டியிலிருந்தே விலகியது. விளையாட்டுக் கார்களில் நடு நட்டு நெடுங்காலம் நீடித்தது. வெளியே துருத்தி நிற்கும் காதுகளை அமெரிக்கப் பாதுகாப்பு விதி 1968-ல் தடைசெய்தது. ஆனால் சாதாரணக் காருக்கு அந்த முறை என்றுமே கட்டுப்படியாகவில்லை. பல் வெட்டிய ஹப்பைத் துல்லியமாகக் கடைந்தெடுப்பது செலவு பிடிக்கும் வேலை.

இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் சக்கரம் செய்யும் தொழில் வளர்ந்தபோது கணக்கு மாறியது. தகட்டில் துளையிடுவது சல்லிசு. ஹப்பின் முகத்தில் சில போல்ட்டுகள், சக்கரத்தின் நடுத்தட்டில் அவற்றுக்கு ஈடான துளைகள், அவ்வளவுதான். எத்தனை துளைகள், எவ்வளவு விட்டம் என்ற கேள்வி அப்போதுதான் பிறந்தது. அதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் விடை சொன்னது.

ஃபோர்டின் கதை இதில் தனியாகச் சொல்லத்தக்கது. 1927 இறுதியில் வந்த மாடல் ஏ-க்கு ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள். 1936 முதல் 1939 வரை அதே ஃபோர்டு பத்தேகால் அங்குலத்துக்குத் தாவியது. பிறகு பழையபடி ஐந்தரைக்குத் திரும்பி, 1949-ல் கார்களுக்கு நான்கரை அங்குலத்தை ஏற்றுக்கொண்டது. சரக்கு வண்டிகளோ ஐந்தரையை விடவில்லை. எஃப்-150 பிக்கப் 1996 வரை அந்த வட்டத்திலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பும் அதே அளவு. ஜீப்பின் வழியில் உலகெங்கும் கிளைத்த சிறு நான்கு சக்கர இயக்க வண்டிகளிலும் அது தொடர்ந்தது. ஜிப்சியின் 139.7 என்பது ஐந்தரை அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வந்தது, வேறொன்றுமில்லை.

பத்தேகால் அங்குலம் கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் உண்டு. டிரம் பிரேக்கின் டிரம் எப்படியும் அகலமான இரும்பு. அதன் விளிம்பருகிலேயே போல்ட்டுகளை வைத்துவிட்டால் சக்கரத்துக்கு நடுத்தட்டு வேண்டியதில்லை, வெறும் வளையம் போதும். இரும்பு மிச்சம், எடையும் குறைவு. சிக்கனமே உயிராக இருந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 205 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட் வைத்தது இந்த யோசனையில்தான். பீட்டிலின் உறுப்புகளிலிருந்து வளர்ந்த போர்ஷே 356-ம் அதையே சுவீகரித்தது. 1957-ல் வந்த குட்டி ஃபியட் 500-க்கு 190 மில்லிமீட்டரில் நான்கு.

இந்த அகல வட்டங்களைக் கொன்றது டிஸ்க் பிரேக். டிஸ்க்கையும் அதைக் கவ்வும் காலிப்பரையும் ரிம்முக்குள் அடக்க வேண்டும். முன்பு போல்ட்டுகள் நின்ற இடத்தில் இப்போது காலிப்பர் வந்து உட்கார்ந்தது. எனவே போல்ட்டுகள் நடுவை நோக்கி ஒதுங்கின. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குடன் 1963-ல் வந்த போர்ஷே 356 சி-யில் வட்டம் 205-லிருந்து 130-ஆகச் சுருங்கியது. 911 அதே 5×130-ஐ எடுத்துக்கொண்டது. பீட்டிலும் 1960-களின் பிற்பகுதியில் 4×130-க்கு மாறியது.

பிரெஞ்சுக்காரர்கள் எண்ணிக்கையில் சிக்கனம் பார்த்தார்கள். சிட்ரோயென் 2சிவி-க்கு 160 மில்லிமீட்டர் வட்டத்தில் மூன்றே போல்ட்டுகள், ரெனோ 4-க்கு 130-ல் மூன்று. ஒரு தளத்தை நிலைநிறுத்த மூன்று புள்ளிகள் போதும் என்பதால் வடிவியல் ரீதியாக இதில் குறையில்லை. ஒரு போல்ட் தளர்ந்தால் மிச்சம் இரண்டு என்பதுதான் இடர். எடை கூடக்கூட நான்கும், பிறகு ஐந்தும் பொதுவாயின. பிக்கப்புகளுக்கு ஆறு, கனரக லாரிகளுக்கு 335 மில்லிமீட்டர் வட்டத்தில் பத்து.

அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் நடந்த இழுபறிதான் இந்த வரலாற்றின் நெஞ்சுப் பகுதி. அமெரிக்க நான்கரை அங்குலம் ஜப்பானுக்குப் போனபோது, மெட்ரிக் முறையில் இயங்கிய அந்நாட்டுத் தொழிற்சாலைகள் அதை 114 என்றோ 115 என்றோ திருத்தவில்லை. 114.3 என்று அப்படியே எழுதிக்கொண்டன. டொயோட்டா, நிசான், ஹோண்டா, மிட்சுபிஷி என எல்லோர் வழியாகவும் அது உலகம் சுற்றி, அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது. பிரிட்டிஷ் மினியின் நான்கு அங்குலம் 101.6 ஆனது. லேண்ட் ரோவரின் ஆறரை அங்குலம் 165.1 என்று 1948 முதல் பழைய டிஃபெண்டரின் கடைசி வண்டி வரை நீடித்தது. ஐரோப்பிய ஃபோர்டின் நாலேகால் அங்குலம் மட்டும் 107.95-க்குப் பதில் 108 என்று முழுமையாக்கப்பட்டது, அந்த இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டரை எந்தத் துளையும் பொறுத்துக்கொள்ளும் என்பதால். ஐரோப்பாவின் சொந்த எண்கள் வேறு: ஃபியட்டுக்கு 98, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுக்கு 100, மெர்சிடிஸுக்கு 112, பிஎம்டபிள்யூவுக்கு 120.

எண்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அளப்பதில் கவனம் தேவை. நான்கு அல்லது ஆறு துளை என்றால் சிக்கலில்லை. எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் அதுவே விட்டம். துளையின் நடுப்புள்ளியைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் இடது விளிம்புக்கு அளந்தால் துளையின் அகலம் தானே கழிந்துவிடும்.

ஐந்து துளையில் எதிர்த்துளை என்பதே கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுத் தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்க வேண்டும். 5×100-க்கு அந்தத் தூரம் 58.8 மில்லிமீட்டர், 108-க்கு 63.5, 112-க்கு 65.8, 114.3-க்கு 67.2, 120-க்கு 70.5. அதாவது 112-க்கும் 114.3-க்கும் அளவுநாடாவில் தெரியும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இங்கே வெர்னியர் காலிப்பர்தான் பேச வேண்டும். பலர் ஒரு துளையை விட்டு அடுத்த துளைக்கு அளந்து அதையே விட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 114.3 வட்டத்தில் அந்தத் தூரம் 108.7. 120 வட்டத்தில் 114.1. இரண்டுமே வேறொரு உண்மையான அமைப்பின் எண்ணுக்கு அருகில் வந்து நிற்பதால் தவறு தவறாகவே தெரியாது. அப்படி அளந்தால் 1.0515-ஆல் பெருக்கியாக வேண்டும்.

துளைகள் எத்தனையானாலும் பொருந்தும் இன்னொரு வழி உண்டு. சக்கரத்தின் நடுத்துளை விட்டம், போல்ட் துளையின் விட்டம், அவ்விரண்டு துளைகளின் விளிம்புகளுக்கும் இடைப்பட்ட தகட்டின் அகலத்தைப் போல இருமடங்கு: இம்மூன்றையும் கூட்டினால் போதும். நடுத்துளை 57.1, போல்ட் துளை 15, இடைவெளி 20 என்றால் 112.1 வரும், அமைப்பு 112. போல்ட் துளையின் முன்வாய் சரிவாகக் கடையப்பட்டிருக்கும் என்பதால் இதைச் சக்கரத்தின் பின்முகத்தில் அளப்பது நல்லது.

வட்டம் பொருந்தியும் சக்கரம் பொருந்தாமல் போகலாம். நடுத்துளை ஹப்பின் கழுத்தில் உட்கார வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களுக்கு அது 57.1, மெர்சிடிஸுக்கு 66.6. நட்டின் உட்காரும் முகமும் ஒன்றல்ல. பெரும்பாலானவை கூம்பு, ஹோண்டாவும் ஃபோக்ஸ்வாகனும் உருண்டை, டொயோட்டாவின் பல அலாய் வீல்களில் தட்டை வாஷர். சுமையை உண்மையில் தாங்குவது போல்ட்டின் தண்டு அல்ல, இறுக்கத்தால் ஹப்பும் சக்கரமும் முகத்தோடு முகம் அழுந்தும் உராய்வு. வட்டம் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் நட் ஒருபக்கமாகத்தான் உட்காரும். போல்ட் வளைந்து இழுபடும், இறுக்கம் நிலைக்காது. 98-க்கும் 100-க்கும் இடையே சமாளிக்கத் தளர்ந்த கூம்புள்ள தனி போல்ட்டுகளே விற்கின்றன. செவ்ரோலே கார்வெட்டின் நாலேமுக்கால் அங்குலமான 120.65-ஐயும் பிஎம்டபிள்யூவின் 120-ஐயும் மாற்றி மாட்டியவர்கள் ஏராளம், அறிவார்ந்த செயல் அல்ல என்றாலும். கார்வெட்டே எட்டாம் தலைமுறையில் 120-க்கு வந்துவிட்டது.

சுழலும் சக்கரம் நட்டைத் தளர்த்திவிடும் என்ற அச்சமும் ஒரு காலத்தில் அமைப்பைப் பாதித்தது. கிரைஸ்லர் கார்கள் 1970 வாக்கு வரை இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை நட்டுகளை வைத்தன. விவரம் தெரியாமல், நட் இறுகிக் கிடக்கிறது என்று நினைத்துத் திருகி போல்ட்டை முறித்தவர்களும் உண்டு. பழைய லாரிகளிலும் இந்த வழக்கம் இருந்தது. கூம்பு முகம் நட்டை அசையாமல் பிடிப்பதால் கார்களுக்கு அது தேவையற்றுப் போனது.

இன்று எண்கள் குறைந்துகொண்டு வருகின்றன. பிஎம்டபிள்யூ 2015-ல் வந்த 7 சீரிஸிலிருந்து 120-ஐக் கைவிட்டு 112-க்கு மாறத் தொடங்கியது. டெஸ்லா மாடல் எஸ்-க்கு 5×120 வைத்துவிட்டு, மாடல் 3-க்கு 5×114.3-ஐ எடுத்துக்கொண்டது. அங்குலமே புழங்காத நாடுகளில் வார்க்கப்படும் மின்கார்ச் சக்கரங்களிலும் அந்த நான்கரை அங்குலம் இருக்கிறது. சந்தைக்கான அலாய் வீல்களைத் தயாரிப்பவர்கள் பல சமயம் துளையே இல்லாமல் வார்த்து வைத்து, ஆர்டர் வந்தபின் தேவையான வட்டத்தில் துளையிடுகிறார்கள். ஒரே வீலில் எட்டுத் துளைகளைப் போட்டு 4×100, 4×114.3 இரண்டுக்கும் விற்பதும் வழக்கம்.