கடற்பாசி: நோன்பு திறக்கிற தட்டுல இருந்து லேப் தட்டு வரைக்கும்

1/ மேலப்பாளையத்திலோ காயல்பட்டினத்திலோ நோன்பு திறக்கிற நேரத்துல யார் வீட்டுக்காவது போயிருக்கீங்களா? கஞ்சி, வடைக்குப் பக்கத்துல கட்டம் கட்டமா வெட்டின கடற்பாசி குலுங்கிக்கிட்டு இருக்கும். அதே பொருள்தான் உங்க யூரின்ல என்ன கிருமி இருக்குன்னும் காட்டிக் கொடுக்குது. அந்தக் கதையைச் சொல்றேன்.

2/ முதல்ல பிசின். தண்ணியை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கிற நீளமான சர்க்கரைச் சங்கிலிதான் பிசின். கருவேல மரத்துல காயம் பட்டா வடியும். காகிதம் ஒட்ட அதைத்தான் கரைச்சு வச்சிருப்பாங்க. ஜிகர்தண்டாவுல ஊறி உப்பிக் கிடக்கிறது பாதாம் பிசின். கடல்ல சிவப்புப் பாசிகளோட செல்சுவர்ல இருக்கிற பிசினுக்குப் பேர் அகர். 'அகர் அகர்' மலாய்ச் சொல். கடையில 'சைனா கிராஸ்'னு கேட்டு வாங்குறதும் இதுதான்.

3/ இப்ப ஜெர்மனி, 1881. கிருமியைத் தனித்தனியா பிரிச்சு வளர்க்கணும்னா கெட்டியான ஒரு தளம் வேணும். ராபர்ட் கோக் ஜெலட்டின் பயன்படுத்தினார். மனுஷ உடம்புக் கிருமிக்கு 37 டிகிரி சூடு வேணும். அந்தச் சூட்டுல ஜெலட்டின் உருகி ஓடிடும். போதாக்குறைக்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே கரைச்சுத் தின்னுடும்.

4/ கோக்கிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேக்கும் இதே தலைவலி. வெயில் காலத்துலயும் உங்க ஜெல்லி எப்படி உருகாம நிக்குதுன்னு மனைவி ஃபேனியிடம் கேட்டார். பதில்: அகர். நியூயார்க்கில் பிறந்தவர் ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்துட்டு வந்த ஒரு டச்சுக் குடும்பத்திடம் கத்துக்கிட்ட சமையல் பக்குவம் அது.

5/ அகர் உருக 85 டிகிரி வேணும். ஆனா ஆறினா 40-க்குக் கீழதான் உறையும். பெரும்பாலான கிருமிகளால அதை ஜீரணிக்கவும் முடியாது. நம்ம ஊர் மே மாச வெயிலை நினைச்சுப் பாருங்க. ஜெலட்டினை நம்பியிருந்தா திருநெல்வேலியில ஒரு கல்ச்சர் லேப் நடத்த முடியுமா?

6/ 1882-ல் காசநோய்க் கிருமி பத்தின தன் கட்டுரையில கோக் அகரைப் பத்தி போகிற போக்கில் சொன்னார். ஹெஸ்ஸே தம்பதி பேர் அதில் இல்லை. கோக்குக்கு 1905-ல் நோபல் கிடைச்சது. ஃபேனியோட பேரை மருத்துவம் படிச்சவங்ககூட பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க.

7/ நம்ம கடலுக்கு வருவோம். தாமிரபரணி புன்னைக்காயல்ல மன்னார் வளைகுடாவில் சேருது. அகர் தர்ற கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் விளையுற கடல் அது. கஞ்சிப்பாசின்னு பேர் வந்த காரணம் பேர்லயே இருக்கு: கரையோர மக்கள் அதைக் கஞ்சியில போட்டுக் குடிச்சாங்க. இரண்டாம் உலகப் போர்ல ஜப்பான் அகர் வரத்து நின்னதும், இங்கேயே அகர் எடுக்கிற ஆராய்ச்சி தொடங்கிச்சு.

8/ பாம்பன் பக்கம் இன்னிக்கும் பாசி எடுக்கிறது பெரும்பாலும் பெண்கள். விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, ரப்பர் செருப்போட, மூச்சைப் பிடிச்சு முங்குறாங்க. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிச்ச பிறகு, எங்கே எடுக்கலாம்ங்கிறதே அவங்களுக்குப் போராட்டம். அந்த உரிமைக்காக நின்ன லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கிடைச்சது. ஃபேனியை மறந்த மாதிரி இவங்களையும் மறந்துடாதீங்க.

9/ டாக்டரா மூணு விஷயம்:
• பிசினோ அகர் பொடியோ காய்ஞ்சபடி விழுங்காதீங்க, தொண்டையில உப்பி அடைச்சுக்கும். பாதாம் பிசினை ராத்திரி முழுக்க ஊற வைங்க. சின்னப் பிள்ளைகளுக்கு ஜெல்லியைப் பொடிசா வெட்டிக் கொடுங்க.
• சுகர் இருக்கிறவங்களுக்கு அகரால பிரச்சினை இல்லை. அதுல கொட்டுற சீனியாலதான்.
• கல்ச்சர் ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகும். அகர் மேல கிருமி வளரணும், எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பார்க்கணும். அதுக்குள்ள நீங்களா மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க.

10/ உங்க வீட்ல கடற்பாசி எப்படிக் காய்ச்சுவீங்க? தேங்காய்ப்பாலா, பசும்பாலா? கீழ சொல்லுங்க மக்களே.