இலஞ்சி வேள் மகனின் சாசனமும் சுரங்க எல்லையும்

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையிலிருந்து இலஞ்சி அதிக தூரமில்லை. குற்றாலம் செல்வோர் குமரன் சந்நிதியில் வணங்கிவிட்டுக் கடந்துபோகும் அவ்வூரின் பெயர், மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே, அரிட்டாபட்டியின் கழிஞ்சமலைக் குகையில், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகளில் வெட்டப்பட்டிருக்கிறது. இலஞ்சி வேள் மாப்பரவனின் மகன் எமயவன் சமண முனிவர்களுக்கு உறைவிடம் அமைத்தளித்தான் என்பது அச்சாசனத்தின் சாரம். அங்கேயுள்ள மற்றொரு சாசனம் நெல்வேலியைக் குறிக்கிறது. இவை நம் தென்பாண்டிச் சீமையின் ஊர்களே என்ற கருத்தை ஏற்றால், இப்பகுதியின் ஆதி சரித்திரத்துக்குரிய எழுத்துச் சான்று நம் வயல்வெளியில் அன்றி, அயல் மாவட்டத்துப் பாறையொன்றிலே பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது எனலாம்.

அந்த மலையில் சமணப் படுக்கைகளும், தீர்த்தங்கரரின் புடைப்புச் சிற்பமும் வட்டெழுத்துச் சாசனமும், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவாலயமும் உள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. ஆயினும், அத்தலத்தின் 193 ஹெக்டேரைத் தன்னகத்தே கொண்ட, 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியொன்று ஏலத்துக்கு வந்து, 2024 நவம்பர் 7 அன்று நிறுவனமொன்று தேர்வும் பெற்றது. கிராம மக்கள் திரண்டனர். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூரிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாக வந்தனர். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஏலத்துக்கு முன் நிகழவேண்டிய பரிசீலனையை, ஏலம் முடிந்தபின் குடியானவர்கள் வீதியில் நின்று நிறைவேற்ற நேர்ந்தது.

முன்னாய்வு என்ற பெயரில் ஏதோவொன்று நடந்தாலே போதும் என்பதும் சரியன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகான் பள்ளத்தாக்கில், இரும்புச் சுரங்கத்தின் விஸ்தரிப்புக்காகப் பாறைக் குகைகளைத் தகர்க்க ரியோ டின்டோ நிறுவனம் 2013 இல் அனுமதி பெற்றது. அதன்பின் 2014 இல் நடந்த அகழாய்வில்தான் ஆயிரக்கணக்கான தொல்பொருள்களும், சுமார் 4,000 ஆண்டுப் பழைய மனிதக் கேசத்தால் பின்னிய பட்டையும் வெளிப்பட்டு, அங்கே 46,000 ஆண்டு மனித வாசம் இருந்ததென்பது புலனாயிற்று. எனினும் அனுமதி திருத்தப்படவில்லை. 2020 மே 24 அன்று குகைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உண்மை தெரிந்த பின்னரும் முடிவை மாற்றும் அதிகாரம் இல்லாத ஆய்வு, அழியப்போகும் பொருள்களின் ஜாபிதாவாகவே முடியும்.

முறையான ஆய்வு, நில எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பே தொடங்கவேண்டும். குளக்கரைகளிலும் மேட்டு நிலங்களிலும் சிதறிய கருப்பு சிவப்புப் பானையோடுகளைத் தேடியும், கல்வட்டங்களையும் தாழிகளையும் நடுகற்களையும் வரைபடத்தில் குறித்தும், கல்வெட்டுகளை மைப்படி எடுத்தும், ஆடுமேய்ப்போரிடமும் முதியோரிடமும் பாறைகளின் பெயர்களைக் கேட்டறிந்தும், சந்தேகத்துக்கிடமான இடங்களில் சோதனைக் குழி தோண்டியும் அது நடைபெற வேண்டும். வெடியின் அதிர்வு வேலியோடு நிற்பதில்லையாதலால், தொகுதிக்கு வெளியேயுள்ள குகைகளும் கணக்கில் சேரவேண்டும்.

குத்துக்கல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரைக் கொண்ட இம்மாவட்டத்துக்கு இக்கோரிக்கை அந்நியமானதன்று. 2024 இல் திருமலாபுரத்தில் தொடங்கிய அகழாய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இரும்புக் கால மாந்தரின் ஈமக்காட்டை வெளிக்கொணர்ந்தது. கல்குவாரிகள் மிகுந்த இச்சீமையில், ஒவ்வொரு புதிய குத்தகைக்கும் விஸ்தரிப்புக்கும் முன்னர் தொல்லியல் துறையின் கள ஆய்வைச் சட்டம் கட்டாயமாக்கவேண்டும். அவ்வாய்வின் மறுப்பே இறுதி முடிவாகவும் இருக்கவேண்டும். கல்லை வேறிடத்தில் வெட்டிக்கொள்ளலாம். எமயவனின் சாசனத்தை வேறெந்தக் கல்லிலிருந்தும் பெற இயலாது.