காஞ்சிபுரமும் சிறுவர்களின் தன்னிச்சை விளையாட்டும்

பெரியவர்களின் கட்டளையோ மேற்பார்வையோ இன்றி, சிறுவர்கள் தாமே தொடங்கி, தாமே விதி வகுத்து ஆடுவது தன்னிச்சை விளையாட்டு ஆகும். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் இதன் வரலாறு, சிறுவர்களின் நேரம் யாருக்கு உரியது என்ற கேள்வியோடு பிணைந்தது.

இலக்கியச் சான்று

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் பெரும்பாணாற்றுப்படை. தச்சச் சிறுவர்களும் விரும்பும்படி செய்யப்பட்ட, ஏறி ஊர முடியாத சிறுதேரைக் குழந்தைகள் உருட்டி விளையாடியதை அந்நூல் காட்டுகிறது. பிற்காலத்து ஆண்பால் பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன தனித்தனிப் பருவங்களாகவே அமைந்தன.

தறியும் சிறுவர்களும்

பட்டுச் சேலையின் உடலையும் வேறு நிறக் கரையையும் இணைத்து நெய்யும் முறை கோர்வை எனப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. ஆகவே நெசவாளருக்குப் பக்கத்தில் உதவியாள் ஒருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளுவார். சிறுவர்கள் பலர் இவ்வேலையில் அமர்த்தப்பட்டனர். வறிய பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளைகளைத் தறிக்கு அனுப்புவதும் உண்டு. கடன் தீரும்வரை பிள்ளை விலக முடியாது. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் பட்டுத் தொழிலில் இந்நிலை தொடர்ந்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிலகங்களுக்கு விலக்கு அளித்தது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் இவ்விலக்கு பெரிய வாசலாக அமைந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. எனினும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் உதவ அனுமதித்தது. சிறுவர்கள் விளையாடுவதும் அந்த நேரத்தில்தான்.

பெரியவர்கள் வகுத்த ஆட்டம்

தெருவில் ஆடிய சடுகுடு, அளவிட்ட களமும் பக்கத்துக்கு 7 பேரும் நடுவரும் கொண்ட கபடியாக முறைப்படுத்தப்பட்டு, 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றது. இதனால் வீரர்களுக்கு வாய்ப்புப் பெருகியது. ஆயினும் பயிற்சியாளரும் பெற்றோருமே எல்லாவற்றையும் முடிவு செய்யும் ஆட்டத்தில் சிறுவர்கள் விதியைப் பின்பற்றுவோர் மட்டுமே. தெருவிலோ அவர்களே விதியை வகுப்பவர்கள். 'சாட் பூட் திரி' போட்டு ஆளைத் தேர்வர்; மிகச் சிறியவரை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்வர்; அழுகுணி ஆட்டம் ஆடுபவரிடம் தாமே வாதிட்டுத் தீர்ப்பர். அநியாயம் மிகுந்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவர், ஆட்டம் நின்றுவிடும். இந்த அச்சமே அங்கு நடுவர்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, கோலி ஆடும் சிறுவர்களை ஆராய்ந்து 1932இல் நூல் வெளியிட்டார். விதி என்பது பெரியவர்கள் தந்த மாறாத கட்டளை என்று எண்ணும் சிறு குழந்தைகள், வளர வளர, அது தம்முள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்று உணர்வதை அவர் விளக்கினார்.

உரிமை

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992இல் இதில் இணைந்தது. குழந்தைகள் தாமே தொடங்கி நடத்துவதே விளையாட்டு என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2013இல் விளக்கியது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடலோடு, தம் விருப்பப்படி ஆடுவதற்கான நேரமும் சிறுவர்களுக்கு வேண்டும். தறியிலிருந்து மீண்ட மாலைப்பொழுதைத் தனிவகுப்பும் பயிற்சி முகாமும் முழுதாக எடுத்துக்கொண்டால், அது ஒரு பெரியவர் கையிலிருந்து இன்னொரு பெரியவர் கைக்கு மாறியதாகவே முடியும்.