தம்மடை

கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரருக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இடிந்த சுவரைச் சரித்திரம் என்கிறோம். அடுப்பங்கரையை அப்படிச் சொல்வதில்லை.

இதே கிழக்குக் கரையில் தெற்கே, காயல்பட்டினத்து வீடுகளில், தம்மடை என்று ஒரு பண்டம். ரவை, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, நெய் கலந்து சட்டியில் ஊற்றி, அடியில் தணல், மூடிமேலும் தணல். 'தம்' பாரசீகம், மூச்சென்று பொருள், 'அடை' தமிழ். இரண்டும் கூடியதற்கு இந்தப் பண்டமே சாசனம். பிஸ்கோத்தும் போர்த்துகீசியர் வழி வந்த சொல்தான். கலப்பற்ற தமிழ்ச் சமையல் என்று மேடையில் பேசுவது வெறும் ஆசையாகவே எனக்குப் படுகிறது.

பக்குவம் கைவழியாக வந்தது. காஸ் அடுப்பில் மேல்தணல் கிடையாது. தணல் போனால் பண்டத்துக்குப் பேர் இருக்கும். பேருக்குக் காரணமான வேக்காடு இருக்காது.