ஏழு வயசுப் பிள்ளையும் எட்டு நாள் திட்டமும்

குட்டி விமானத்தில் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைத்து, "இந்தா, நீ பிடிச்சுக்கோ" என்று கைப்பிடியைக் கொடுக்கலாமா? "சேச்சே, கூடவே கூடாது" என்றுதான் நமக்கு உடனே தோன்றும். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே எழுதினார்கள். ஆனால் அந்தச் சட்டம் சொல்வது நான் எதிர்பார்த்த பதில் இல்லை.

1996 ஏப்ரல். ஜெசிகா டுப்ராஃபுக்கு 7 வயது. அப்பாவும் ஒரு பயிற்சியாளரும் கூட வர, செஸ்னா விமானத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். நாட்டைக் குறுக்காகக் கடந்த மிக இளைய 'பைலட்' என்று பெயர் வாங்க வேண்டும். மொத்தம் எட்டு நாள் திட்டம். பெடலுக்குக் கால் எட்டாததால் அதற்கு நீட்டிப்புகூட வைத்திருந்தார்கள். இவ்வளவுக்கும் 'மிக இளைய பைலட்' என்ற பிரிவையே கின்னஸ் ஏற்கெனவே மூடிவிட்டிருந்தது!

முதல் நாள் இரவு வயோமிங் மாநிலத்தின் ஷயென் நகரில் தங்கினார்கள். மறுநாள், ஏப்ரல் 11 காலை, மழையும் இடியும் நெருங்கி வரும்போதே கிளம்பினார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விமானம் விழுந்தது. மூவரும் இறந்துபோனார்கள்.

"குழந்தை ஓட்டினால் இப்படித்தான்" என்று ஊரே பேசியது. விசாரணை அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. விமானத்துக்குப் பொறுப்பு பயிற்சியாளர்தான். மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில் கிளம்பலாம் என்ற அவருடைய முடிவுதான் தவறு என்றது. விமானத்தில் அனுமதித்ததைவிட 96 பவுண்டு எடை கூடுதல். ஷயென் 6,000 அடிக்கும் மேலே இருக்கிற ஊர், காற்று மெலிசு. அங்கே இன்ஜினுக்கும் வலு குறையும், இறக்கைக்கும் தூக்கும் சக்தி குறையும். வேகம் போதாமல் விமானம் சரிந்துவிட்டது. சரி, ஏன் அவசரம்? டிவிக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கும் இறுக்கமான பயணத் திட்டமும் ஒரு காரணம் என்று அறிக்கையே எழுதியது.

அதே வருஷம் அக்டோபரில் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாதவர் சாதனைக்காகவோ போட்டிக்காகவோ பறக்கிறார் என்று தெரிந்தால், அவரிடம் விமானி கட்டுப்பாட்டைக் கொடுக்கக் கூடாது. தடை சாதனைக்குத்தான். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஒரு பிள்ளை ஆசையாகக் கைப்பிடியைத் தொடுவதற்கு இல்லை.

அதனால்தான் 'யங் ஈகிள்ஸ்' நின்றுபோகவில்லை. 1992இல் தொடங்கிய திட்டம் அது. 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தன்னார்வ விமானிகள் இலவசமாக ஒரு சுற்று அழைத்துப் போவார்கள். பெற்றோர் கையெழுத்து கட்டாயம். பிற்பாடு, தன்னார்வலர்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பும் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியும் சேர்ந்தன. ரைட் சகோதரர்கள் பறந்த நூற்றாண்டான 2003க்குள் 10 லட்சம் பிள்ளைகள் என்று இலக்கு வைத்தார்கள், எட்டியும் விட்டார்கள்.

'அதுவும் ஒரு நம்பர்தானே?' என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அந்த நம்பர் பதினொரு வருஷத்துக்கும் ஆயிரக்கணக்கான விமானிகளுக்கும் பங்கு பிரிந்திருந்தது. மேகம் கறுத்தால், "இன்னிக்கு வேண்டாம் கண்ணா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஒரு விமானி சொல்லிவிடலாம். ஷயெனில் அதைச் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

சாஃப்ட்வேரில் ரிலீஸ் தேதியை வெளியே அறிவித்தபிறகு "இன்னும் ரெடி இல்லை" என்று சொல்ல எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு வெறும் சங்கடம்தான். பிள்ளையை மேலே கூட்டிப்போகிறவருக்கு அப்படி இல்லை. அவர் எந்த நிமிஷத்திலும் "வேண்டாம்" என்று சொல்ல முடிய வேண்டும். மற்ற விதியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.