தனியே போனவள் யார்? பாலைவனப் பயணத்தில் பெண்களும் வழித்துணையும் (1869–2018)

முன்னுரை

பெண் ஒருத்தி பாலைவனத்தைத் தனியாகக் கடந்தாள் என்று ஒரு பயண நூலின் அட்டை சொல்லும். உள்ளே புரட்டினால் ஒட்டகக்காரர், சமையற்காரர், வழிகாட்டி என்று ஒரு கூட்டமே நடந்துகொண்டிருக்கும். இது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சீனாய் மலைக்குப் போய்வந்து குறிப்பெழுதிய எகேரியா என்ற கிறித்தவப் பெண்ணுக்குத் துறவிகள் வழிகாட்டினர். ஆபத்தான வழிகளில் உரோமானியப் படைவீரர்கள் காவலுக்கு வந்தனர். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர் உடன் இல்லாமல் ஆண்களும் அந்த மணலில் இறங்கியதில்லை. வழிப்போகும் வணிகக் கூட்டத்துக்குச் ‘சாத்து’ என்று தனிப் பெயரே வைத்திருந்த தமிழுக்கு இது புரியாத செய்தி அன்று.

எனவே, பெண் எப்போது தனியாகப் போகத் தொடங்கினாள் என்று கேட்பதால் பயனில்லை. கூட வருபவரைத் தேர்ந்தெடுத்தது யார், கூலி கொடுத்தது யார், அவர் பெயரை ஏட்டில் எழுதியது யார் என்ற மூன்று கேள்விகளே வரலாற்றைத் துலக்குகின்றன. இன்று உற்றார் எவருமின்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுவில் சேர்ந்து ஜோர்தானின் வாடி ரம் பாலைவனத்துக்கோ கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளிக்கோ போகும் பெண்ணின் பயணம் எப்படி உருவானது என்பதை 1869, 1913, 1977, 2018 ஆகிய நான்கு ஆண்டுகளில் நின்று இக்கட்டுரை பார்க்கிறது.

1869: பரிவாரமும் பயணச்சீட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாலைவனம் செல்வச் சீமாட்டிகளுக்கே வாய்த்தது. பிரிட்டன் பிரதமர் இளைய வில்லியம் பிட்டின் அக்காள் மகளான ஹெஸ்டர் ஸ்டான்ஹோப், 1813-இல் பாலைவன நாடோடிகளான பெதுயின்களின் காவலோடு சிரியாவின் பல்மைரா நகருக்குள் நுழைந்தார். மாமன் இறந்தபின் அரசு அவருக்கு ஆண்டுக்கு 1,200 பவுன் உதவித்தொகை வழங்கிவந்தது. அவர் சென்ற வழியை அந்தப் பணத்தைக் கணக்கில் கொள்ளாமல் விளக்க முடியாது.

பணம் வழியைத் திறந்தது போலவே ஆபத்தையும் அழைத்தது. சகாராவைக் கடக்க முயன்ற முதல் ஐரோப்பியப் பெண்ணாகக் கருதப்படும் டச்சுச் செல்வந்தர் அலெக்சின் தின்னே, 1869 ஆகஸ்டில் இன்றைய லிபியாவின் பாலைவனத்தில் தம் சாத்தின் நடுவிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஒட்டகங்கள் சுமந்த அவருடைய இரும்பு நீர்த்தொட்டிகளுக்குள் பொன் இருப்பதாகப் பேச்சு பரவியிருந்தது என்பார்கள்.

அதே ஆண்டில்தான் ஆங்கிலேயப் பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் தம் முதல் குழுவை அழைத்துப் போனார். 1841-இல் மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் ஆள் சேர்த்துக்கொண்டு போனவர் அவர். அவருடைய குழுவில் சேர்பவர் கூடாரம், உணவு, சவாரிக் குதிரை, மொழிபெயர்த்து வழிகாட்டும் துருகுமான் எல்லாவற்றுக்கும் ஒரே தொகையை முன்கூட்டியே கட்டிவிட வேண்டியிருந்தது. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் இதில் சேர்ந்தார்கள். ஒட்டகக்காரரோடு பேரம் பேசும் சங்கடம் நீங்கியது. “கூட யார் வருகிறார்கள்?” என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு விடையும் கிடைத்தது. பரிவாரம் வைத்துக்கொள்ள வசதியில்லாத நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பயணச்சீட்டே பரிவாரமாயிற்று. ஆனால், துணையைத் தேர்ந்தெடுப்பது இப்போது நிறுவனத்தின் வேலை.

1913: பட்டமும் ரஃபீக்கும்

குழுவோடு போனவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்று ஒதுக்கிய அறிவுலகம், தனியே போன பெண்களையும் எளிதில் ஏற்கவில்லை. லண்டனின் அரச புவியியல் கழகம் 1892–93-இல் 22 பெண்களை உறுப்பினராக்கிவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் கதவைச் சாத்திக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகளோடு 1891-இல் கிளிமஞ்சாரோ பகுதிக்குப் போய்வந்த அமெரிக்கர் மே பிரெஞ்சு ஷெல்டன் அந்த 22 பேரில் ஒருவர். அன்று எதிர்த்தவர்களில் முன்னின்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி கர்சன், பின்னாளில் கழகத் தலைவராக இருந்தபோது, 1913-இல் பெண்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. 

அந்த ஆண்டு உறுப்பினரான ஆங்கிலேயப் பயணி கெர்ட்ரூட் பெல், டிசம்பரில் டமாஸ்கசிலிருந்து நடு அரேபியாவின் ஹாயில் நகரை நோக்கிப் புறப்பட்டார். அங்கே சில நாட்கள் வெளியேற விடாமல் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரே திரும்ப முடிந்தது. இது உள்ளிட்ட பயணங்களுக்காக 1918-இல் கழகம் அவருக்குப் பதக்கம் அளித்தது.

பெல்லின் நாட்குறிப்புகளில் அடிக்கடி வரும் சொல் ‘ரஃபீக்’. அரபியில் தோழர் என்று பொருள். ஒரு குலத்தின் நிலத்தைக் கடப்பவர், அக்குலத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துக்கொள்வார். அவர் உடனிருக்கும்வரை அந்தக் குலத்தார் கைவைக்க மாட்டார்கள். கைவைத்தால் அது தம்மவரையே அவமதித்ததாகும். எல்லை தாண்டினால் வேறு ரஃபீக். நம் ‘வழித்துணை’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான அரபு வடிவம் இல்லை. பெல்லின் துணிச்சல் உண்மை. அந்தத் துணிச்சல் கால் ஊன்றி நின்றது இந்த ஏற்பாட்டின் மேல்.

துணைவரின் பெயரை மறைத்தவர்களும் உண்டு. 1920–21-இல் லிபியாவின் குஃப்ரா பாலைவனச்சோலைக்குப் போன ஆங்கிலேய எழுத்தாளர் ரோசிட்டா ஃபோர்ப்சின் நூலில், பயணத்தைத் திட்டமிட்டு நடத்திய எகிப்தியர் அகமது ஹசனைன் சிறு பாத்திரமாகச் சுருங்கிவிட்டார். அதே கழகம் 1924-இல் ஹசனைனின் அடுத்த பயணத்துக்குப் பதக்கம் தந்தது. பெண் என்பதால் புறக்கணிப்பை அறிந்த ஒருவரே இன்னொருவரைப் புறக்கணித்ததை வரலாறு கண்டும் காணாமல் விட முடியாது.

1977: ஒட்டகமும் இருக்கையும்

1977-இல் 26 வயதில் புறப்பட்ட ராபின் டேவிட்சன் நான்கு ஒட்டகங்களோடும் ஒரு நாயோடும் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்சிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்தார். தனிப் பயணம் என்பதற்கு இன்றும் காட்டப்படும் சான்று இதுவே. அங்கும் ஒட்டகம் பழக்கக் கற்றுத்தந்தவர், ஆப்கானிய ஒட்டகக்காரர் மரபில் வந்த சாலே முகமது. வழியின் ஒரு பகுதியில் கூட நடந்தவர் பிஜன்ஜாஜாரா பழங்குடி முதியவர் எடி. டேவிட்சன் இருவரையும் தம் நூலில் பெயர் சொல்லிப் போற்றினார். ஃபோர்ப்சுக்கும் அவருக்கும் இடையே வேறுபட்டிருப்பது வீரமன்று, நேர்மை.

அதே ஆண்டு, சஃபாரிகளுக்குப் பெயர்பெற்ற கென்யா வேட்டையைத் தடைசெய்தது. ‘சஃபாரி’ என்பது சுவாகிலியில் வெறும் பயணந்தான். அரபியின் ‘சஃபர்’ அதன் மூலம். வேட்டைக்காரர் ஒருவருக்காக வாரக்கணக்கில் முகாம் போட்ட தொழில், இனி புகைப்படக் கருவியோடு வருபவர்களை நம்பியே நடக்க வேண்டியதாயிற்று. வண்டி, ஓட்டுநர், எரிபொருள் ஆகிய செலவுகள் ஒருவர் ஏறினாலும் அறுவர் ஏறினாலும் ஒன்றே. ஆகவே வண்டியின் இருக்கையே விற்பனைக்குரிய அலகானது. தனியாக வரும் பெண் முழு வண்டிக்கும் பணம் கட்டுவதா, முன்பின் அறியாத ஐவரோடு பங்கிடுவதா என்ற கணக்கில்தான் சிறு குழு பிறந்தது. இருவர் தங்கும் அறையில் ஒருவர் தங்கினால் விதிக்கப்படும் கூடுதல் கட்டணமும் பெண்களை ஒருவரோடொருவர் அறை பகிர வைத்தது. சிறு குழுவைத் தோழமையின் விளைவு என்பதைவிடப் பங்குச் செலவின் விளைவு என்பதே பொருந்தும். தோழமை பின்னால் வந்து சேர்ந்தது.

2018: பெண்ணே வழித்துணை

இந்தியாவில் 2005-இல் சுமித்ரா சேனாபதி பெண்களுக்கு மட்டுமான பயணக் குழுக்களைத் தொடங்கினார். 2018-இல் ஆஸ்திரேலியாவின் இன்ட்ரெபிட் நிறுவனம் மொராக்கோ, ஜோர்தான், ஈரான் நாடுகளில் பெண் வழிகாட்டிகள் நடத்தும் பெண்கள் குழுக்களை அறிமுகப்படுத்தியது. ஆண்கள் நுழைய முடியாத வீட்டு உள்ளறைகளும் அடுக்களைகளும் அங்கே பயணத் திட்டத்தில் இடம்பெற்றன. 1879-இல் ஹாயிலின் அந்தப்புரத்துக்குள் போய் அமர்ந்து ஆங்கிலேயப் பயணி ஆன் பிளண்ட் எழுதிய செய்திகள், அவருடைய கணவர் நேரில் பார்த்திருக்க முடியாதவை. பெண் என்பதால் கிடைத்த அந்த நுழைவுரிமை, ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து விலைப்பட்டியலில் ஏறியது.

அதே ஆண்டில் வேறொரு சிறு குழுவும் புறப்பட்டது. கணவரோ நெருங்கிய ஆண் உறவினரோ ஆன துணையாகிய மஹ்ரம் இல்லாமலே, 45 வயதைக் கடந்த பெண்கள் நால்வராகவோ அதற்கு மேற்பட்டோராகவோ சேர்ந்து ஹஜ் செல்ல இந்திய அரசு 2018-இல் வழிசெய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு போனார்கள். சுற்றுலா ஆய்வுகள் இதைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு வேறு மூன்று பெண்களே போதுமான வழித்துணை என்று அரசின் விதியே ஒப்புக்கொண்டது இங்கேதான்.

முடிவுரை

எகேரியாவுக்குப் படைவீரர், ஸ்டான்ஹோப்புக்குப் பரிவாரம், குக்கின் பயணிக்குத் துருகுமான், பெல்லுக்கு ரஃபீக் என்று துணை மாறிவந்தது. துணை தேவைப்படாத காலம் வந்ததில்லை. தேர்வு செய்யும் உரிமைதான் பேரரசிடமிருந்து பணக்காரியிடமும், அவரிடமிருந்து நிறுவனத்திடமும், பிறகு செலவைப் பங்கிடும் பெண்களிடமும் வந்து சேர்ந்தது.

இன்னும் ஒரு படி அண்மையில் நிகழ்ந்தது. போட்ஸ்வானாவின் சோபே காட்டு விடுதியில் 2004-இல் ஒரு பெண் வழிகாட்டி சேர்ந்தார். காலப்போக்கில் அங்கே வண்டியோட்டி யானைத் தடம் காட்டுபவர்கள் எல்லாருமே பெண்களானார்கள். பயணம் போன சீமாட்டிகளின் நூல்கள் நூலகங்களில் நிறைய உள்ளன. ஹாயிலுக்கும் கிளிமஞ்சாரோவுக்கும் அவர்களை அழைத்துப் போனவர்களின் கூலிக் கணக்கும் பெயரும் அந்நூல்களின் ஓரங்களில்தான் கிடக்கின்றன. இனி எழுதப்படும் வரலாறு அந்த ஓரங்களிலிருந்து தொடங்க வேண்டும்.