ஒரு முன்னெழுத்தின் சரித்திரம்

என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. இரண்டாவது என் தகப்பனாருடையது. முதலாவதான 'த' யாருடையது என்று ஐம்பது வயதுவரை நான் கேட்டதில்லை. பாஸ்போர்ட் மனுவில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. என் மகளின் மனுவைப் பார்த்த உத்யோகஸ்தர் அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார். விரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருவரும் வீடு திரும்பினோம்.

ஆம்பூரில் என் பெரியத்தா மகன், பாயிஜான் என்று கூப்பிடுவோம், யோசிக்காமலே பதில் சொன்னார்: தாயிஃப். மக்காவுக்கு அருகே மலைமேல் இருக்கும் ஊர். நம் மூதாதை அங்கிருந்து கப்பலேறி வந்தவர். பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் உள்ள நம் கிளைகளுக்கும் இது தெரியும். கல்யாணப் பத்திரிகைகளைப் பார், உருதுவில் முழுசாகவே போட்டிருக்கும் என்றார். பார்த்தேன், போட்டிருந்தது.

தமிழ்நாட்டில் பெயரின் வால் போன கதை எல்லோருக்கும் தெரியும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது, பலர் துறந்தார்கள். மிஞ்சியது தகப்பன் பெயரின் முதல் எழுத்து. பாலாற்றங்கரைத் தோல் வியாபாரக் குடும்பங்களில் ஏற்பாடு சற்று வேறு. தகப்பனுக்கும் முன்னால் வீட்டுக்கு ஒரு எழுத்து உண்டு. வாணியம்பாடியில் மலங் என்ற வீட்டுப் பெயர் இருக்கிறது. மலங் என்றால் ஊர் ஊராகச் சுற்றும் பக்கிரி. ஆஸ்தியுள்ளவர்களின் பெயருக்கு முன்னால் அது நிற்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். காகா முகம்மது உமர் 1924இல் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை ஸ்தாபித்தார். அந்த இடமே உமராபாத் ஆயிற்று. அங்கே மனிதன் பெயர் ஊருக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் ஊர்ப் பெயர் மனிதனுக்கு வந்திருக்கிறது என்பது பாயிஜானின் கட்சி.

ஊர் எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைப் புத்தகங்களில்தான் முதலில் கண்டேன். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் லப்பைகளைப் பற்றி எழுதும்போது கர்னல் வில்க்ஸை எடுத்துக்காட்டுகிறார். ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃபின் கொடுமைக்குத் தப்பி அரபு நாட்டிலிருந்து வந்த குலம் தாங்கள் என்பது நவாயத்துகளின் வாதம். 1710இல் ஆற்காட்டு நவாபான சாதத்துல்லா கான் ஒரு நவாயத். லப்பைகள் தங்களுக்கும் அதே பூர்வீகம்தான் என்றார்கள். நவாயத்துகளோ, இவர்கள் எங்கள் வீட்டு அடிமைகளின் சந்ததி, கூப்பிட்டால் 'லப்பைக்', இதோ வந்தேன், என்று சொன்னவர்கள், அதனால்தான் லப்பை என்றார்கள். அதே வார்த்தையைத்தான் ஹஜ்ஜில் ஒவ்வொருவரும் ஆண்டவனை நோக்கிச் சொல்லுகிறார்கள். ஆண்டவனுக்குச் சொன்னால் பெருமையாக இருப்பது ஆற்காட்டு நவாபின் வாசலில் வசவாக மாறிவிட்டது. இப்படி ஒரு வசவைச் சுமந்தவன் அரேபியாவில் தனக்கென்று ஒரு ஊரைத் தேடியதில் ஆச்சரியமில்லை. சொற்பிறப்புகள் இரண்டுமே எனக்கு நம்பும்படி இல்லை. அவற்றுக்குள் இருந்த வலியை மட்டும் நம்புகிறேன்.

பிறகு காகிதங்கள். வில்லங்கம் தேடும் சாக்கில் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை வாங்கினேன். முதல் உலக யுத்தத்துக்கு முந்தியது. இன்னார் குமாரர், மகமதிய மதம், வியாபார ஜீவனம் என்கிற வழக்கமான வரிக்கு முன்னால், 'தரகு வீட்டு' என்று இருந்தது. நான்கு பங்காளிகளுக்கும் அப்படியே. தாயிஃபைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

உருதுவில் 'த' ஓசைக்கு இரண்டு எழுத்துகள் உண்டு: தே, தோய். தாயிஃப் என்பதைத் தோய் போட்டுத்தான் எழுதவேண்டும். தரகு தமிழ்ச் சொல். அதற்கு தே போதும். எங்கள் பள்ளிவாசல் கபர்ஸ்தானில் தாதாவின் கல்லில் தோய் இருக்கிறது. அவருடைய தகப்பனார் கல்லில் தே. பாலாற்றங்கரை லப்பைகளில் பலர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மெல்ல மெல்லத் தமிழிலிருந்து உருதுவுக்குப் பெயர்ந்தவர்கள். பெயரும் கூடவே பெயர்ந்திருக்கிறது. தமிழில் இருந்தவரை 'த' ஒன்றுதான், எதற்கு வேண்டுமானாலும் நிற்கும். உருதுவில் எழுதும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். யாரோ ஒருவர், அநேகமாகத் தாதாவேதான், எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்திருக்கிறார். எங்கள் வம்சம் அந்தக் கணத்தில் பிறந்தது.

தரகன் என்பவன் யார் என்று சொல்லவேண்டும். கிராமத்தில் மாடு செத்தால் சேரியார் அதை உரிப்பார்கள். தோல் உப்பிட்டு வாரச் சந்தைக்கு வரும். அங்கே துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுகிறவன் தரகன்; உரித்தவனுக்கும் ஷாப்பு முதலாளிக்கும் நடுவே நிற்பவன். ஷாப்பில் சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் கடந்து பதமான தோல் சென்னை பெரியமேட்டுக்கும், அங்கிருந்து கப்பலில் லண்டன் ஏலத்துக்கும் போகும். இந்தச் சங்கிலியில் ரத்தமும் நாற்றமும் முதல் கண்ணியில் இருக்கின்றன. தரகன் இரண்டாவது கண்ணி. கை கழுவினாலும் போகாத தூரம். சாதி இந்துக்கள் தொடத் தயங்கிய சரக்கு என்பதால்தான் அது எங்களுக்குக் கிடைத்தது. (1806இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களைக் கொதிக்கவைத்தவற்றில், புதிய தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சமும் ஒன்று என்பதை மறக்கக்கூடாது.) முதல் யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவப் பூட்ஸின் மேல்தோலுக்காகத் தென்னிந்தியப் பதத் தோலைச் சர்க்காரே வாங்கியது. தரகு வீட்டார் ஷாப்பு முதலாளிகள் ஆனது அப்போதுதான் என்று கணக்குப் போடுகிறேன். முதலாளிக்குத் தரகு என்ற பெயர் உறுத்தும்.

வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தகடு கிடைத்தது. பேல்களின்மேல் மசி தடவி மார்க்கு போடும் தகடு. அதில் ஆங்கிலத்தில் எங்கள் இரண்டு எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. லண்டனில் ஏலம் எடுத்தவன் எங்கள் முகத்தையோ மதத்தையோ பார்த்ததில்லை. அந்த எழுத்தைப் பார்த்துச் சரக்கை நம்பினான். பெயரை மாற்றியவர்கள் எழுத்தை மாற்றாததன் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தகடு 'த'வில் இருந்தது, ஆகவே புதிய பூர்வீகமும் 'த'வில் தொடங்க வேண்டியிருந்தது. மதீனாவையோ பாக்தாதையோ அவர்கள் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. தாயிஃப் பழங்காலத்திலிருந்தே தோல் பதனிடுவதற்குப் பெயர்போன ஊர். பத்தாம் நூற்றாண்டு யமன் அறிஞர் அல்ஹம்தானி அதைத் தோல் பதனிடும் ஊர் என்றே குறிக்கிறார். தாதா இதை அறிந்திருந்தாரா, சொல்லமுடியாது. தோலிலிருந்து தப்பி ஓடியவர் தோலுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

தகட்டோடு ஒரு பேரேடும் இருந்தது. தமிழ் எண்களில், தாதாவின் தகப்பனார் கையெழுத்தில். வரவுப் பக்கத்தில் வியாபாரிகள் வீட்டுப் பெயரோடும் ஊரோடும் வருகிறார்கள். பற்றுப் பக்கத்தில் குழியில் இறங்கியவர்கள்: சின்னான், முனியன், இன்னொரு முனியன். இரண்டாவது முனியனுக்குப் பக்கத்தில் 'கறுப்பு' என்று அடையாளத்துக்காக எழுதியிருக்கிறது. தகப்பன் பெயர் இல்லை, முன்னெழுத்து இல்லை. 1922இல் சர்க்கார் ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. எங்கள் பேரேட்டில் அதற்குப் பிறகும் முனியன் முனியன்தான். அவன் பேரன் இன்று ஏதாவது மனுவில் குடும்பப் பெயர்க் கட்டத்தின் முன் உட்கார்ந்தால் போய்த் தேடுவதற்கு அவனுக்குப் பத்திரம் கிடையாது, கல்லும் கிடையாது. இருக்கும் ஒரே காகிதம் என் பரணில் இருக்கிறது. அதிலும் அவன் பாட்டன் கடன்காரன். ஒரு மாதம் பூர்வீகம் தேடித் திரிந்த எனக்கு இந்தப் பக்கத்துக்கு வந்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஊருக்கே பெயர் நிலைக்கவில்லை. நான் பிறந்தபோது ஆம்பூர் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் அது பிரிந்தது. பிறகு அம்பேத்கர் பெயர் சேர்ந்து, போய், வேலூர் ஆயிற்று. 2019 முதல் திருப்பத்தூர். மகள் மனுவில் அதையும் திருத்தவேண்டி வந்தது.

குடும்பப் பெயர்க் கட்டத்தில் அவள் 'தரகு' என்று எழுதினாள். நான் சொல்லவில்லை, பித்தளைத் தகட்டைப் பார்த்துவிட்டு அவளாகவே எழுதினாள். பாயிஜானின் பிள்ளைகள் வெளிநாட்டில் தாயிஃப் என்ற பெயரோடு இருக்கிறார்கள். ஒரே பாட்டன் வழியில் வந்தவர்கள் இனி இரண்டு குடும்பம். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று பாயிஜானிடம் சொன்னேன். எழுதாதே என்றார், தாதா பெயர் கெடும் என்றார். கோபமில்லை, குரல் இறங்கியிருந்தது. எழுதியதை இப்போது அவருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அவர் படித்தது உருதுப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது.